பிரிமியர் லீக் பணமும் கீழ்ப்பிரிவுக் குழுக்களும்: நம் சந்தா யாரைச் சேர்கிறது?

#1 காலாங் குரல்

அனைவருக்கும் வணக்கம். வார இறுதி இங்கிலாந்துக் காற்பந்து ஆட்டங்களுக்கான இழையில் நண்பர் ஒருவர், "கீழ்ப்பிரிவுக் குழு திவாலானால் அது அந்த நிர்வாகத்தின் கோளாறு. மேலே இருப்பவர்கள் எதற்காகப் பணம் தர வேண்டும்?" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசை மாறிவிடும். அதனால் தனி இழை தொடங்குகிறேன்.

2025-26 சீசனில் நடைமுறைக்கு வந்த பிரிமியர் லீக்கின் பிரிட்டன் உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 6.7 பில்லியன் பவுண்டு. மேல்மட்டப் பிரிவான பிரிமியர் லீக்கில் 20 குழுக்கள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என மூன்று பிரிவுகளில் 72 குழுக்கள். இந்த 72 குழுக்களின் லீக் அமைப்பான இஎஃப்எல், ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு 935 மில்லியன் பவுண்டு. ஆண்டுக்கு ஒரு குழுவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மேலே ஏறத்தாழ 84 மில்லியன், கீழே 2.6 மில்லியன். கீழே வரும் தொகையிலும் சாம்பியன்ஷிப் குழுக்களே பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், லீக் டூவில் இருக்கும் ஊர்க் குழுவுக்கு அந்தச் சராசரிகூட எட்டாது.

வெளிநாட்டு உரிமைப் பணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. 2022 முதல் 2025 வரையிலான சுழற்சியில் பிரிமியர் லீக்கின் வெளிநாட்டு ஒளிபரப்பு வருமானம் முதல்முறையாக உள்நாட்டு வருமானத்தை மிஞ்சியது. சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் வழியாக நாம் மாதந்தோறும் கட்டுவதும் அந்தப் பணத்தில்தான் போய்ச் சேர்கிறது. ஆகவே இது இங்கிலாந்துக்காரர்களின் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

பெரி குழுவின் கதையைப் பலர் மறந்திருப்பீர்கள். 1885ல் தொடங்கியது. எல்லாப் பிரிவுக் குழுக்களும் மோதும் எஃப்ஏ கிண்ணத்தை இரண்டு முறை வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டார்பி கவுன்டியை 6-0 என்று தோற்கடித்தது. அந்தக் கோல் வித்தியாசத்தை இறுதி ஆட்டம் ஒன்றில் எட்டிப் பிடிக்க 2019ல் மான்செஸ்டர் சிட்டி வர வேண்டியிருந்தது. அதே 2019ன் வசந்த காலத்தில் பெரி லீக் ஒன் பிரிவுக்கு முன்னேறியது. ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராத நிலையிலேயே முன்னேறியது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தக் குழு ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. பண நிலையைச் சரிசெய்ய லீக் வைத்த கெடு ஆகஸ்ட் மாதம் நெருங்கியபோது, முன்னாள் இயக்குநரான ஒரு பெண்மணி குழுவின் கிக் லேன் அரங்கத்துக்கு வெளியே இருந்த மழைநீர்க் குழாயோடு தம்மைக் கைவிலங்கால் பூட்டிக்கொண்டார். கடைசி நாளன்று ரசிகர்கள் திரண்டு வந்து இருக்கைகளைத் துடைத்தார்கள், குப்பை அள்ளினார்கள். அடுத்த ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. அன்று இரவு, ஆகஸ்ட் 27ஆம் தேதி, பெரியை லீக்கிலிருந்து நீக்கினார்கள்.

நிர்வாகக் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் பெரி இருக்கும் இடத்திலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டும் மான்செஸ்டர் சிட்டியின் எத்திஹாட் அரங்கமும் காரில் போனால் அரை மணி நேரத் தொலைவுதான். கண்ணெதிரே அவ்வளவு பணம் புழங்க, 134 ஆண்டு பழைமையான ஒரு குழுவை யாராலும் காப்பாற்ற முடியவில்லை என்றால் அந்த அமைப்பில் ஏதோ பிசகு இருக்கிறது. என் கருத்து இதுதான்: இந்த இடைவெளி தானாக உருவானது அல்ல. முடிவெடுத்து உருவாக்கியது. முடிவெடுத்தால் குறைக்கவும் முடியும்.

#2 ஆன்ஃபீல்டு அன்பன்

அண்ணா, அதை எழுதியது நான்தான். என் பக்கத்தையும் கேளுங்கள்.

பெரி ரசிகர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் சந்தா கட்டும் நாம் எதற்காகக் கட்டுகிறோம்? லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டங்களைப் பார்க்க. காப்பிக்கடையில் இரவு பதினொரு மணிக்கு மேசை போட்டு உட்காருபவர்களில் ஒருவர்கூட லீக் டூ ஆட்டத்தை வைக்கச் சொல்லிக் கேட்டதில்லை. மக்கள் எதைப் பார்க்க விரும்புகிறார்களோ அதற்குப் பணம் வருகிறது. அந்தப் பணத்தைச் சம்பாதித்தவர்களிடமிருந்து எடுத்து, சம்பாதிக்காதவர்களுக்குக் கொடுக்க எந்த நியாயம் இருக்கிறது?

இன்னொன்று. நன்றாக நடத்தப்படும் குழு மேலே வருகிறது. பிரைட்டன் 1997ல் சொந்த மைதானத்தை விற்றுவிட்டு வேறோர் ஊரில் போய் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு லீக்கிலிருந்தே வெளியேறும் நிலையில் இருந்தது. 2017ல் பிரிமியர் லீக்குக்கு வந்துவிட்டது. பிரென்ட்ஃபர்டு 2021ல் வந்தது. இரண்டும் புத்தியைப் பயன்படுத்தி, ஆட்டக்காரர்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, விலைக்கு விற்று வளர்ந்தவை. அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

#3 கணக்கு மதி

தம்பி ஆன்ஃபீல்டு, பிரைட்டன், பிரென்ட்ஃபர்டு இரண்டுமே நல்ல எடுத்துக்காட்டுகள்தான். ஆனால் அந்த இரண்டின் பின்னாலும் அந்தந்தக் குழுவைச் சிறு வயதிலிருந்தே நேசித்த பெரும் பணக்காரர் ஒருவர் இருக்கிறார். பிரைட்டனின் புதிய அரங்கம் உரிமையாளர் தம் கையிலிருந்து கொடுத்த கடனில் எழுந்தது. புத்தி இருந்தது. புத்தி பலன் தரும் வரை பொறுத்துக்கொள்ளப் பணமும் இருந்தது. அப்படி ஒருவர் கிடைக்காத ஊர் என்ன செய்யும்?

நான் தணிக்கைத் துறையில் வேலை செய்கிறேன். ஒரு நிறுவனத்தின் சம்பளச் செலவு அதன் மொத்த வருமானத்தைத் தாண்டினால் எங்கள் மேசையில் சிவப்புக்கொடி விழும். சாம்பியன்ஷிப் பிரிவு முழுவதையும் ஒரே நிறுவனமாக எண்ணிக் கணக்குப் பார்த்தால், பல சீசன்களில் சம்பளச் செலவு வருமானத்தில் 100 சதவிகிதத்தைத் தாண்டியிருக்கிறது. மின்சாரக் கட்டணம், பயணம், புல்தரைப் பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். ஒரு குழு இப்படி நடந்தால் நிர்வாகக் கோளாறு என்று சொல்லலாம். பிரிவே இப்படி நடந்தால் அதற்குக் காரணம் விதிகளில் இருக்கிறது.

அந்த விதிகளில் முக்கியமானது பாராசூட் தொகை. பிரிமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கும் குழுவுக்கு, மேலே உள்ள குழுக்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55 சதவிகிதம், இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 கிடைக்கும். முதல் ஆண்டில் அது 40 மில்லியன் பவுண்டுக்கும் மேல். அதே பிரிவில் பாராசூட் இல்லாத குழுவுக்குப் பிரிமியர் லீக் தரும் பகிர்வுத் தொகை சுமார் 5 மில்லியன். லீக் ஒன்னில் அது ஒரு மில்லியனைக்கூட எட்டாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆக, ஒரே பிரிவில், ஒரே விதிகளின் கீழ், ஒரே சனிக்கிழமை ஆடும் இரண்டு குழுக்களில் ஒன்றுக்குப் பிரிமியர் லீக்கிடமிருந்து எட்டு மடங்கு பணம் வருகிறது. மற்றக் குழு என்ன செய்யும்? ஆசைப்படாமல் இருக்கலாம், அல்லது கடன் வாங்கிப் போட்டியிடலாம். மேலே போய்விட்டால் கடைசி இடத்தில் முடித்தாலும் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கடன் வாங்குகிறார்கள்.

டார்பி கவுன்டியைப் பாருங்கள். 2019 மே மாதம் வெம்பிளியில், பிரிமியர் லீக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்காக நடந்த பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 2-1 என்று தோற்றது. வென்றவர் கைக்கு நூறு மில்லியன், தோற்றவர் கைக்கு அடுத்த ஆண்டின் அதே கடன். அதற்கு முன்பே அந்தக் குழு தன் அரங்கத்தைத் தன் உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்கே விற்று, கிடைத்த லாபத்தைக் கணக்கில் காட்டியிருந்தது. லீக் விதித்த நஷ்ட வரம்பைத் தாண்டாமலிருக்க அந்த வழி. 2021 செப்டம்பரில் திவால் நிர்வாகிகள் பொறுப்பேற்றார்கள். அந்த சீசனில் மொத்தம் 21 புள்ளிகள் பறிபோயின, குழு லீக் ஒன்னுக்கு இறங்கியது. ஊழியர்களும் வேலை இழந்தார்கள். டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண்ணா அரங்கத்தை விற்கச் சொன்னாள்?

#4 தேக்கா வாசகன்

மதி அக்கா, ஒரு சந்தேகம். ஒரே ஒரு சீசன் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கும் குழுவுக்கும் மூன்று ஆண்டுகள் கிடைக்குமா?

#5 கணக்கு மதி

கிடைக்காது தம்பி. அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள்தான். லூட்டன் டவுன் அப்படித்தான். 2023ல் மேலே போய், 2024ல் இறங்கி, அடுத்த ஆண்டே லீக் ஒன்னுக்கும் இறங்கிவிட்டது. பாராசூட் கையில் இருந்தும் அந்தச் சரிவு நிற்கவில்லை. 2008-09ல் 30 புள்ளிகள் பறிக்கப்பட்டு லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டு, பின்பு படிப்படியாக ஏறி வந்த குழு அது. வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளின் நடுவே புகுந்து, ஆட்களின் கொல்லைப்புறங்களுக்கு மேலே படியேறித்தான் கெனில்வொர்த் ரோடு அரங்கத்துக்குள் போக முடியும். அந்த அரங்கத்தில் மான்செஸ்டர் சிட்டி வந்து ஆடியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2023-24ல் மேலே ஏறிய மூன்று குழுக்களும் அந்த ஆண்டே இறங்கின. 2024-25ல் ஏறிய மூன்றும் அப்படியே. லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்ஹேம்டன். சவுத்ஹேம்டன் 38 ஆட்டங்களில் எடுத்தது 12 புள்ளிகள். பிரிமியர் லீக் வரலாற்றில் அதற்கு முன் ஏறிய மூன்றுமே இறங்கியது 1997-98ல் ஒரு முறைதான். பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை. ஏறினாலும் நிற்க முடியாத அளவுக்கு இடைவெளி வளர்ந்துவிட்டது.

#6 ஜாலான் புசார் மூத்தவர்

இளையவர்கள் பேசுவதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

"சம்பாதித்தவன் வைத்துக்கொள்கிறான்" என்பது இங்கிலாந்துக் காற்பந்தில் நூறாண்டு வழக்கம் அல்ல. 1983 வரை லீக் ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் ஆடும் குழு, வாசலில் வசூலான பணத்தில் ஒரு பங்கை எதிரணிக்குக் கொடுத்தது. நீ வந்து ஆடியதால்தான் எனக்குக் கூட்டம் வந்தது என்ற கணக்கு அது. தொலைக்காட்சிப் பணத்தையும் அந்நாளில் எல்லாப் பிரிவுகளும் பகிர்ந்துகொண்டன. பெரிய குழுக்கள் பிரிந்துபோவோம் என்று சொல்லிச் சொல்லியே தங்கள் பங்கைக் கூட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் 1992ல் முதல் பிரிவுக் குழுக்கள் மொத்தமாக விலகிப் பிரிமியர் லீக்கைத் தொடங்கின. அன்றிலிருந்து அவர்கள் தொலைக்காட்சிப் பணம் அவர்களுடையது. காலாங் குரல் சொன்னதைப் போல, அது மனிதர்கள் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

அண்டை நாடுகளையும் பாருங்கள். ஜெர்மனியில் புண்டஸ்லீகாவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் சேர்த்து ஒரே அமைப்புதான் ஒளிபரப்பு உரிமையை விற்கிறது. இரண்டு பிரிவுகளின் 36 குழுக்களும் ஒரே வீட்டில் இருக்கின்றன. அங்கேயும் பாயர்ன் மியூனிக்கின் கை ஓங்கித்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் கீழே இறங்குவது அங்கே இவ்வளவு பெரிய பள்ளம் அல்ல.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1994 மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் சாட் மூன்று கோல். ஆயிரக்கணக்கானோர் பஸ் பிடித்துக் கடற்பாலம் தாண்டிப் போயிருந்தோம். பழைய தேசிய அரங்கத்தில் சுந்தரமூர்த்தி பந்தைத் தொட்டால் 55,000 பேரும் எழுந்து நிற்பார்கள். 1993ல் புருணைக்கு எதிராக அவர் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலை என் பேரனுக்கு இன்றும் நடித்துக் காட்டுகிறேன். அந்த வெற்றிக்குப் பிறகு நாம் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகினோம். 1996ல் எட்டுக் குழுக்களோடு நம் சொந்த லீக்கான எஸ் லீக் பிறந்தது. ஒரே குழுவுக்குக் குவிந்த கூட்டம் எட்டாகப் பிரிந்ததும் கரைந்துபோனது. மக்களின் பார்வை தொலைக்காட்சியில் வரும் இங்கிலாந்து ஆட்டங்களின் பக்கம் போனது. இன்று நம் சந்தா எங்கே போகிறது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: லீக் டூ குழுவுக்கும் போகவில்லை, நம் ஊர்க் குழுவான தெம்பனிஸ் ரோவர்ஸுக்கும் போகவில்லை.

#7 ஹவ்காங் சிறுத்தை

மூத்தவர் ஐயா சொன்னது எனக்கு நெஞ்சில் தைத்தது. நான் ஹவ்காங் யுனைடெட் ரசிகன். 2022ல் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றோம். குழுவின் வரலாற்றில் முதல் கிண்ணம். அந்த இரவை நினைத்தால் இன்றும் கண் கலங்கும். அலுவலகத்தில் மறுநாள் சொன்னேன். "ஹவ்காங்கில் காற்பந்துக் குழு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் ஹவ்காங்கில் வசிப்பவர்.

இங்கேயும் இடைவெளி இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. 2020ல் ஹோம் யுனைடெட் குழுவை இணைய நிறுவனமான சீ எடுத்துக்கொண்டு லயன் சிட்டி செய்லர்ஸ் என்று பெயர் மாற்றியது. சிங்கப்பூரின் முதல் தனியார்மயக் குழு. 2021ல் பிரேசிலைச் சேர்ந்த டியேகோ லோப்பஸை வாங்க 1.8 மில்லியன் யூரோ அளவில் கொடுத்ததாகச் செய்தி வந்தது. இந்த லீக் அதுவரை அப்படி ஒரு தொகையைக் கண்டதில்லை. அந்த ஆண்டே பட்டமும் வென்றார்கள். மற்றக் குழுக்கள் பலவும் டோட் போர்டு என்ற அரசு வாரியத்தின் மானியத்தை நம்பி இருப்பவை. முன்பு சில குழுக்களுக்கு ஜாக்பாட் இயந்திரங்களிலிருந்து வருமானம் வந்தது. 2017ல் அரசாங்கம் விதிகளை இறுக்கியதும் அதுவும் வற்றியது. சூதாட்டப் பணத்தில் காற்பந்து நடக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதை எடுத்த இடத்தில் வேறு எதுவும் வைக்கப்படவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

கொம்பாக் யுனைடெட் 2012க்குப் பிறகு விலகியது. தஞ்சோங் பகார் 2011ல் திரும்பி வந்து, 2015ல் மீண்டும் ஒதுங்கி, 2020ல்தான் மறுபடி வந்தது. ஒரு குழு ஐந்து ஆண்டுகள் ஆடாமல் இருந்தால் அதன் ரசிகன் யாருக்குக் கை தட்டுவான்?

#8 ஆன்ஃபீல்டு அன்பன்

சிறுத்தை அண்ணா, செய்லர்ஸ் பற்றி நீங்கள் சொன்னதைத்தான் நான் என் வாதத்துக்கும் எடுத்துக்கொள்வேன். 2025 மே 18ஆம் தேதி பீஷான் அரங்கத்தில் நான் இருந்தேன். ஆசியக் குழுக்களின் இரண்டாம் நிலைப் போட்டியான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூவின் இறுதி ஆட்டம். ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவுக்கு எதிராக, 90 நிமிடம் முடிந்து சேர்த்த நிமிடங்களில் செய்லர்ஸ் சமன் செய்தபோது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சீனப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். சில நிமிடங்களில் ஷார்ஜா மீண்டும் அடித்து 2-1 என்று வென்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டோம். ஆனால் ஒரு சிங்கப்பூர்க் குழு ஆசிய இறுதி ஆட்டத்தில், அதுவும் நம் ஊரில் ஆடியது! ஒருவர் பணம் போடாமல் அது நடந்திருக்குமா? எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் எல்லாரும் சமமாகப் பின்தங்கியிருப்போம். மேலே ஒன்று உயர்ந்தால் மற்றவையும் உயர ஆசைப்படும். இதை நான் மனதார நம்புகிறேன்.

#9 உட்லண்ட்ஸ் தற்காப்பு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இங்கே அமெச்சூர் லீக்கில் ஆடுபவன். பெயர் வேண்டாம், எங்கள் குழு சிறியது.

எங்கள் நிலையைச் சொல்கிறேன். எங்கள் குழுவுக்கு அலுவலகம் கிடையாது. பந்துகள், கூம்புகள், பயிற்சி மேலாடைகள் எல்லாம் மேலாளரின் கார் டிக்கியில் இருக்கின்றன. அவர் வேலை நிமித்தம் வெளிநாடு போனால் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதற்கே ஒரு வாட்ஸ்அப் பேச்சு நடக்கும். ஜெர்சிகளை முறைவைத்து வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைக்கிறோம். வலை கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் பட்டைகளை வைத்துக் கட்டுவோம். மைதான வாடகை மணிக்கணக்கில். விளக்குக்குத் தனி. மாலையில் மின்னல் எச்சரிக்கை ஒலித்துவிட்டால் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, பணம் கட்டிய நேரம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். எச்சரிக்கை ஓய்ந்து உள்ளே போகும்போது அடுத்த குழு பூட்ஸ் கட்டிக்கொண்டு காத்திருக்கும். இந்தச் செலவெல்லாம் ஆட்டக்காரர்கள் மாதாமாதம் போடும் பணம். தேசிய சேவையில் இருக்கும் பையன்களிடம் பாதிதான் வாங்குகிறோம்.

புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆன்ஃபீல்டு அன்பன் "மேலே ஒன்று உயர்ந்தால் மற்றவையும் ஆசைப்படும்" என்றார். நாங்கள் எதற்கு ஆசைப்படுவது? எங்கள் லீக்கை வென்றாலும் சிங்கப்பூர் பிரிமியர் லீக்குக்கு ஏற முடியாது. இரண்டுக்கும் இடையே கதவே இல்லை. இங்கிலாந்தில் லூட்டனுக்குக் கதவு இருந்தது, ஐந்தாம் பிரிவிலிருந்து உள்ளே போனது. இடைவெளி எவ்வளவு பெரியதானாலும் ஏற வழி இருக்கிறது என்ற நினைப்பு இருந்தால் இன்னொரு சீசன் ஓடுவோம். எங்கள் குழுவில் நல்ல பையன்கள் இருபத்திரண்டு வயதில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

#10 காலாங் குரல்

தம்பி உட்லண்ட்ஸ், எழுதியதற்கு நன்றி. இந்த இழையைத் தொடங்கும்போது எனக்கு இங்கிலாந்துதான் மனதில் இருந்தது. உங்கள் பதிவைப் படித்த பிறகு அதை விட்டுத் தனியாகப் பேச மனம் வரவில்லை.

ஆன்ஃபீல்டு தம்பிக்கு ஒன்று. "சம்பாதிக்காதவர்கள்" என்ற உங்கள் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கிண்ணப் போட்டியில் சின்னக் குழு பெரிய குழுவின் அரங்கத்துக்குப் போகும்போது வரும் கூட்டம் இருவராலும் வந்த கூட்டம். எக்ஸிடர் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2003ல் ஐந்தாம் பிரிவுக்கு விழுந்தது. கடன் கழுத்தை நெரித்தது. ரசிகர்களின் அறக்கட்டளை ஒன்று குழுவை எடுத்து நடத்தியது. 2005 ஜனவரியில் எஃப்ஏ கிண்ணத்தில் ஓல்டு டிராஃபர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 0-0. பார்த்தவர்கள் 67,000க்கும் மேல். சமநிலை என்பதால் மறு ஆட்டம் எக்ஸிடரில். அதில் 2-0 என்று தோற்றார்கள், ஆனால் இரண்டு ஆட்டங்களிலும் கிடைத்த பங்கு குழுவைக் கடனிலிருந்து மீட்டது. 2008ல் லீக்குக்குத் திரும்பினார்கள். இன்றும் ரசிகர்களின் கையில்தான் அந்தக் குழு இருக்கிறது.

அந்த மறு ஆட்டங்களை 2024-25 முதல், முதல் சுற்றிலிருந்தே ஒழித்துவிட்டார்கள். எஃப்ஏ என்ற இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கமும் பிரிமியர் லீக்கும் பேசி எடுத்த முடிவு. எங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று இஎஃப்எல் அப்போதே சொன்னது. பெரிய குழுக்களுக்கு ஐரோப்பிய ஆட்டங்கள் கூடிவிட்டன, நாட்காட்டியில் இடம் இல்லை என்பது காரணம். இன்னோர் எக்ஸிடர் அந்த வழியாக இனி பிழைக்க முடியாது. இது சந்தை செய்த வேலையா? சொல்லுங்கள்.

#11 தேக்கா வாசகன்

பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்ததே, அதன் பிறகும் இப்படியேவா?

#12 கணக்கு மதி

சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. பெரி குழுவின் வீழ்ச்சியும், 2021 ஏப்ரலில் பெரிய குழுக்கள் ஐரோப்பிய சூப்பர் லீக் தொடங்கப் பார்த்து ரசிகர்களின் கோபத்தில் பின்வாங்கியதும் சேர்ந்துதான் அரசாங்கத்தை அசைத்தன. அதன்படி மேல்மட்ட ஐந்து பிரிவுகளின் குழுக்கள் தன்னாட்சி ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். பணத்தை எப்படி நடத்தப் போகிறோம் என்று காட்ட வேண்டும். யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்பதையும் அது சோதிக்கும். ஒரு பவுண்டுக்குக் குழுவை வாங்கிப்போட்டு ஓடுவது இனி அவ்வளவு எளிதல்ல.

பணப் பகிர்வைப் பொறுத்தவரை, பிரிமியர் லீக்கும் இஎஃப்எல்லும் தாங்களே பேசி முடிக்காவிட்டால் தலையிட்டுத் தீர்க்கும் அதிகாரம் அந்த அமைப்புக்கு இருக்கிறது. பாராசூட் தொகையையும் அப்போது பார்க்கலாம் என்பதுதான் பெரிய விஷயம். முதல் வரைவில் அது இல்லை. 

என் தொழில் கண்ணோடு சொல்கிறேன். பாராசூட் தொகையை ஒரே நாளில் நிறுத்தச் சொல்பவள் அல்ல நான். இறங்கும் குழுவின் சம்பள ஒப்பந்தங்கள் ஒரே இரவில் மறையாது. நிறுத்தினால் திவாலாவது அவர்களாக இருக்கும். ஆனால் ஒப்பந்தங்களிலேயே "இறங்கினால் சம்பளம் பாதி" என்ற விதியை எல்லாக் குழுக்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டு, பாராசூட்டை ஒரே ஆண்டாகச் சுருக்கி, மிச்சப்படும் பணத்தைச் சாம்பியன்ஷிப்பில் எல்லாருக்கும் பிரித்தால் மேலே இருக்கும் இருபது பேரின் பையிலிருந்து ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகப் போகாது. சூதாடும் தேவை குறையும். இதை எதிர்க்க என்ன காரணம் இருக்கிறது?

#13 ஆன்ஃபீல்டு அன்பன்

மதி அக்கா, அந்தக் கடைசித் திட்டத்தை நான் எதிர்க்க மாட்டேன். கூடுதல் பணம் கேட்காமல், இருக்கும் பணத்தை வேறு விதமாகப் பிரிப்பது நியாயம்தான். எக்ஸிடர் மறு ஆட்டம் பற்றியும் என்னிடம் பதில் இல்லை. அது தவறான முடிவு.

ஆனால் பிரிமியர் லீக் தன் வருமானத்தில் கால் பங்கைக் கீழே தர வேண்டும் என்று சிலர் கேட்பதை ஏற்க மாட்டேன். ரியால் மட்ரிட்டும் பிஎஸ்ஜியும் யாருக்கும் கால் பங்கு தரப்போவதில்லை. நம் குழுக்கள் பலவீனமானால் நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போவார்கள், ஒளிபரப்பு மதிப்பு குறையும், கடைசியில் பகிர்வதற்கே பணம் குறைந்துவிடும்.

#14 காலாங் குரல்

அந்தக் கால் பங்கு யோசனையை 2020 அக்டோபரில் முன்வைத்தவர்கள் யார் தெரியுமா? லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் பின்னால் நின்ற "ப்ராஜெக்ட் பிக் பிக்சர்" திட்டம் அது. எதிர்கால வருமானத்தில் 25 சதவிகிதம் இஎஃப்எல்லுக்கு, கொவிட் உதவியாக உடனடியாக 250 மில்லியன் பவுண்டு. பதிலுக்கு லீக்கில் வாக்குரிமையின் பெரும்பலம் தங்களுக்கு வேண்டும் என்றார்கள். மற்றப் பிரிமியர் லீக் குழுக்கள் நிராகரித்தன. அதிகாரம் கேட்டதை நிராகரித்தது சரி. ஆனால் 25 சதவிகிதம் கொடுத்தாலும் ஆன்ஃபீல்டில் விளக்கு எரியும் என்று லிவர்பூலின் உரிமையாளர்களே அன்று கணக்குப் போட்டிருந்தார்கள் என்பதை மறக்காதீர்கள் தம்பி.

#15 ஹவ்காங் சிறுத்தை

இங்கிலாந்தில் சட்டம் வந்துவிட்டது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உட்லண்ட்ஸ் தம்பி சொன்ன கதவைப் பற்றி நான் கேட்கிறேன். செய்லர்ஸ் குழுவை எடுத்த சீ நிறுவனத்தின் நிறுவனர் ஃபாரஸ்ட் லீ 2025 ஏப்ரலில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். பணம் உள்ள குழு எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். பணம் இல்லாத குழுக்கள் எப்படி நடக்கின்றன என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அமெச்சூர் லீக் வெற்றியாளரை உடனே மேலே ஏற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுபவர்களால் முழுநேரக் குழுவாக மாற முடியாது. ஆனால் சிங்கப்பூர்க் கிண்ணத்தில் அவர்களுக்கு ஒன்றிரண்டு இடங்களை ஒதுக்கி, பெரிய குழு சின்னக் குழுவோடு ஆடும் ஆட்டத்தின் டிக்கெட் பணம் முழுவதையும் சின்னக் குழுவுக்கே கொடுத்தால் என்ன? ஜாலான் புசாரில் செய்லர்ஸுக்கு எதிராக உட்லண்ட்ஸ் தம்பியின் குழு ஆடட்டும். எட்டு கோலில் தோற்றாலும் பரவாயில்லை, ஓராண்டு மைதான வாடகை வந்துவிடும்.

#16 உட்லண்ட்ஸ் தற்காப்பு

எட்டு கோல் விட மாட்டோம் அண்ணா. நான் தற்காப்பில் இருக்கிறேன்.